'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த பாத்திரம்: வீடியோ கேம் காதல் எங்கே உயிர் பெறுகிறது?

2007 நவம்பரில் சிங்கப்பூரில் ஒரு வீடியோ கேமுக்குத் தடை விழுந்தது. பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'மாஸ் எஃபெக்ட்' என்ற விண்வெளிப் போர்க்கதை அது. அதில் துப்பாக்கிச் சூட்டுக்குக் குறைவில்லை. ஆனால் தடைக்குக் காரணம், ஒரு மனிதப் பெண்ணும் வேற்றுக்கிரகப் பெண்ணும் நெருங்கியிருக்கும் ஒரு சிறு காட்சி. சில நாட்களிலேயே ஊடக மேம்பாட்டு ஆணையம் தடையை நீக்கியது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற எம்-18 முத்திரையோடு அது கடைக்கு வந்தது. 2008 ஏப்ரலில் வீடியோ கேம்களுக்கென்றே தர வகைப்பாட்டு முறையும் வந்துவிட்டது.

இப்போது நிலைமை வேறு. காதல் இல்லாத பெரிய கதை விளையாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெருவிரைவு ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவரின் கைத்தொலைபேசியில் ஒரு வரைகலை இளைஞன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் பார்க்கும் பெற்றோருக்கு ஒரு குழப்பம்: திரையில் அசையும் பொம்மையோடு என்ன காதல்? விளையாடுபவர்களுக்கு வேறொரு குழப்பம்: ஒரு விளையாட்டில் மனத்தைப் பிசைகிற காதல், இன்னொன்றில் ஏன் கடைச்சரக்கு போல இருக்கிறது?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு முன், அடிப்படையிலிருந்து வருவோம்.

## முதலில் சில சொற்கள்

வீடியோ கேம் காதல் இரண்டு வகை. ஒன்று, கதையே நடத்திவைப்பது. 2001இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 10' விளையாட்டில் டீடஸும் யூனாவும் காதலிப்பார்கள். நீங்கள் என்ன செய்தாலும் அது மாறாது. சினிமாவில் நாயகன் நாயகி சேர்வதைப் பார்ப்பது போலத்தான். இன்னொன்று, ஆட்டக்காரரே ஆளைத் தேர்ந்தெடுத்து நெருங்குவது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. அதில் அடிக்கடி அடிபடும் சொற்கள் இவை:

1. காதல் பாதை: ஒரு பாத்திரத்தோடு நெருங்கினால் மட்டும் திறக்கும் கிளைக்கதை. ஒரே விளையாட்டில் ஐந்தாறு பேருக்குத் தனித்தனிப் பாதை இருக்கலாம்.

2. நெருக்கப் புள்ளி: அந்தப் பாத்திரத்துக்கு உங்கள் மேல் எவ்வளவு பிடித்தம் என்பதை விளையாட்டு உள்ளுக்குள் வைத்திருக்கும் எண். சில விளையாட்டுகள் இதை இதயப் படமாகக் காட்டும், சில மறைத்துவைக்கும்.

3. வாசல்: புள்ளி எத்தனையைத் தொட்டால் அடுத்த காட்சி திறக்கும் என்ற அளவு.

4. காச்சா: காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை உருண்டு விழும் ஜப்பானிய இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்த சொல். கைத்தொலைபேசி விளையாட்டுகளில், பணம் கொடுத்து அதிர்ஷ்டத்தின்பேரில் அட்டையோ பாத்திரமோ பெறும் முறைக்கு இந்தப் பெயர்.

## காதலை எண்ணாக மாற்றும் கணக்கு

கணினிக்கு எண்தான் தெரியும். ஆகவே காதலையும் எப்படியாவது எண்ணாக்கியே தீர வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு இதயம் என்பது 250 புள்ளி. ஒருவருக்கு மிகவும் பிடித்த பொருளைக் கொடுத்தால் 80 புள்ளி. நாளுக்கு ஒருமுறை பேச்சுக் கொடுத்தால் 20. வாரத்துக்கு இரண்டு பரிசுக்கு மேல் கொடுக்க முடியாது. கூட்டிப் பாருங்கள்: வாரத்துக்கு 300 புள்ளி, எட்டு இதயம் நிரம்ப ஏறக்குறைய ஏழு வாரம். அப்புறம் 200 காசுக்குப் பூங்கொத்து வாங்கிக் கொடுத்தால் காதலர். பத்து இதயம் ஆனதும், மழை நாளில் கடற்கரையில் நிற்கும் முதியவரிடம் 5,000 காசு கொடுத்துப் பதக்கம் வாங்கி நீட்டினால் கல்யாணம்.

இதில் அழகான விதி ஒன்றும் இருக்கிறது. பிறந்தநாள் அன்று கொடுக்கும் பரிசுக்கு எட்டு மடங்கு மதிப்பு. 80 என்பது 640 ஆகிவிடும். ஒருவருடைய பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பது விலை உயர்ந்த பரிசைவிடப் பெரிது என்பதை இந்த விளையாட்டு வாயால் சொல்லவில்லை, கணக்கில் எழுதிவைத்திருக்கிறது.

அதே கணக்கு சறுக்கும் இடமும் உண்டு. ஊரில் ஷேன் என்று ஒருவன். முதலில் பேசப் போனால் எரிந்து விழுவான். நெருங்க நெருங்க, அவன் குடியிலும் மனச்சோர்விலும் மூழ்கிக்கிடப்பது தெரியவரும். ஆறாவது இதயத்தில் வரும் காட்சியில் மழையில், பாறை விளிம்பில் குடித்துவிட்டுக் கிடக்கிறான். அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம். கலங்கடிக்கும் எழுத்து. ஆனால் அடுத்த நாளே நீங்கள் அவனுக்கு ஒரு பீர் கொடுத்தால், அது அவனுக்கு மிகவும் பிடித்த பரிசு. புள்ளி ஏறும்! கதை 'இவனைக் காப்பாற்று' என்கிறது, கணக்கு 'இவனுக்கு ஊற்றிக்கொடு' என்கிறது. எழுதியவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பரிசுப் பட்டியல் ஓரிடத்தில், கதை இன்னோரிடத்தில். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த முறைக்கு மூத்தது ஜப்பானில் கொனாமி 1994இல் வெளியிட்ட 'டோக்கிமெக்கி மெமோரியல்'. உயர்நிலைப் பள்ளியின் மூன்று வருடம். படிப்பு, விளையாட்டு, நண்பர்கள் எல்லாவற்றையும் சமாளித்து, பட்டமளிப்பு நாளில் ஒரு மரத்தடியில் யாராவது வந்து காதலைச் சொல்கிறார்களா என்று காத்திருக்க வேண்டும். இதில் புதுமை என்னவென்றால், ஒரு பெண்ணை நெடுநாள் கண்டுகொள்ளாமல் விட்டால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெடிகுண்டுப் படம் தோன்றும். வெடித்தால், நீங்கள் மோசமானவர் என்ற பேச்சு மற்ற பெண்களிடமும் பரவி எல்லாருடைய புள்ளியும் இறங்கும். கொஞ்சம் முரட்டுத்தனமான ஏற்பாடுதான். ஆனாலும் அந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள், உங்களைப் பற்றி அவர்களுக்கென்று ஒரு கருத்து இருக்கிறது என்பது அங்கே முளைவிட்டது. அதே 1994இல் கோயெய் நிறுவனம் 'ஆஞ்சலீக்' விளையாட்டை வெளியிட்டு, பெண் ஆட்டக்காரர்களுக்கான ஓட்டோமே என்ற வகைக்கு வழி திறந்தது.

## மறுக்கும் உரிமை

புளோக்கின் கீழ்த்தளத்தில் நிற்கும் பானம் விற்கும் இயந்திரத்தில் இரண்டு வெள்ளி போட்டால் டப்பா விழும். விழாவிட்டால் அது பழுது. பரிசு கொடுத்தால் காதல் விழும் விளையாட்டுகளின் சிக்கல் இதுதான்: அங்கே மறுப்பு என்பது பழுதாகத்தான் தோன்றும். மனிதரிடம் அப்படி இல்லை. எதிரில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று நமக்குத் தெரிவதால்தான், அவர் சரி என்று சொல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நல்ல விளையாட்டுகள் இதைப் பிடித்துக்கொண்டன.

'ஹேடிஸ்' (2020) கிரேக்கப் பாதாள உலகத்தில் நடக்கும் விளையாட்டு. அரண்மனைப் பணிப்பெண் டூசா. உடலில்லாமல் தலை மட்டும் பறந்துதிரியும் கூச்சக்காரி. நாயகன் ஸாக்ரியஸைக் கண்டாலே பதறி ஓடிவிடுவாள். அவளுக்கும் மற்றவர்களைப் போலவே தேனமுதம் கொடுக்கலாம், அதைவிட அரிய அமிர்தமும் கொடுக்கலாம். இதயங்கள் நிரம்பும். இனி காதல்தான் என்று எதிர்பார்க்கும்போது அவள் தெளிவாகச் சொல்லிவிடுகிறாள்: தனக்கு வேண்டியது நட்புதான். நாம் தோற்றுவிட்டதாக விளையாட்டு காட்டுவதில்லை. அந்த உறவு அங்கே முழுமை அடைந்துவிட்டது, அவ்வளவுதான். டூசா இப்படிச் சொல்ல முடிந்ததால், அதே விளையாட்டில் காதல் பாதை உள்ள மெகாராவும் தானடோஸும் நெருங்கிவரும்போது அதற்கு எடை கூடுகிறது.

சிங்கப்பூரில் தடைபட்ட அந்த 'மாஸ் எஃபெக்ட்' வரிசைக்கே வருவோம். முதல் பாகத்தின் காதல் உண்மையில் சற்று ஆரம்பப் பாடம்தான். நாலைந்து முறை கப்பலில் போய்ப் பேச வேண்டும், கனிவான பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கடைசிப் போருக்கு முந்தின இரவு அந்தக் காட்சி வரும். போருக்குமுன் கிடைக்கும் பரிசு மாதிரி. தடை போட்டதும் நீக்கியதும் இந்தப் பகுதிக்காகத்தான். ஆனால் இந்த வரிசை காதலை உண்மையாகக் கற்றுக்கொண்டது அடுத்த இரண்டு பாகங்களில். எப்படியென்றால்:

1. பழைய காதல் கோபித்துக்கொள்கிறது. 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகர் ஷெப்பர்ட் இறந்து, இரண்டு வருடம் கழித்து உயிர்ப்பிக்கப்படுகிறார். அதைச் செய்தது ஒரு மோசமான அமைப்பு. ஹொரைசன் என்ற குடியேற்றத்தில் பழைய தோழர் எதிரே வருகிறார். முதல் பாகத்தில் நீங்கள் காதலித்தவராகவே இருந்தாலும், முதலில் கட்டிப்பிடிப்பார். அப்புறம், நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறும். உங்களோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் அவரை நிறுத்த முடியாது.

2. அவசரப்பட்டால் கதவு மூடுகிறது. அதே பாகத்தில் ஜாக் என்ற பெண், சிறுவயதிலிருந்து வதைபட்டவள். யாரையும் நம்பாதவள். தொடக்கத்திலேயே உடலுறவுக்கு அவளே கூப்பிடுவாள். சரி என்று போனால், அவளுடைய உண்மையான காதல் பாதை அதோடு முடிந்துவிடும். காத்திருந்து, அவள் சொல்வதைக் கேட்டவருக்குத்தான் அது திறக்கும்.

3. சிலர் இணங்குவதில்லை. சமாரா என்ற வீராங்கனை ஷெப்பர்டிடம் தனக்கும் ஈர்ப்பு இருப்பதை மறைக்கவில்லை. ஆனாலும் தன் கடமையைக் காட்டி விலகிக்கொள்கிறாள்.

4. நீங்கள் இல்லாமலும் அவர்கள் வாழ்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் (2012) ஷெப்பர்டின் தோழர்களான காரஸ், டாலி இருவரையுமே நீங்கள் காதலிக்காமல் விட்டிருந்தால், ஒரு கட்டத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்திருப்பதைக் காண்பீர்கள். உங்களுக்காகக் காத்துக்கொண்டே இருக்கவில்லை.

இந்த நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரஸுக்கும் டாலிக்கும் எழுத்தாளர்கள் ஒதுக்கியது சிறிய காட்சிதான். ஆனால் அதைப் பார்த்த பிறகு, அவர்களில் ஒருவரை நீங்கள் காதலிக்கும் ஆட்டத்தில், அவர் வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்தார் என்ற எண்ணம் கூடவே வரும்.

## ஒரு காட்சியை அருகில் போய்ப் பார்ப்போம்

லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இந்தப் பாடத்தை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனது. அதில் அஸ்டாரியன் என்ற ரத்தக்காட்டேரி. இருநூறு வருடம் ஓர் எஜமானிடம் அடிமை. அழகைக் காட்டி ஆட்களை மயக்கி எஜமானிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவனுக்கு இடப்பட்ட வேலை. உங்களிடமும் முதல் நாளிலிருந்தே இனிக்க இனிக்கப் பேசுவான்.

இரண்டாம் பகுதியில், ஒரு கோட்டையில் ரத்தம் விற்கும் பெண்ணொருத்தி வருகிறாள். அவளுக்கு ஒரு விசித்திர ஆசை: அஸ்டாரியன் தன்னைக் கடிக்க வேண்டும். கடித்தால், உடல்வலிமையை நிரந்தரமாகக் கூட்டும் மருந்து தருவதாகச் சொல்கிறாள். அஸ்டாரியன் வேண்டாம் என்கிறான். அவளுடைய ரத்தத்தின் வாடையே அவனுக்குப் பிடிக்கவில்லை. இப்போது திரையில் உங்கள் முன் தேர்வுகள் வரும். 'ஒரு கடிதானே, செய்' என்று வற்புறுத்தலாம். மருந்து கிடைக்கும். வலிமை இரண்டு புள்ளி கூடுவது இந்த விளையாட்டில் சாதாரணமில்லை. கணக்குப் பார்த்து ஆடுபவர்களுக்கு எச்சில் ஊறும். வற்புறுத்தினால் அவன் செய்யவும் செய்வான். ஆனால் அந்தக் கசப்பு அவனிடம் தங்கிவிடும், பிறகு உங்களிடம் அதைச் சொல்லவும் செய்வான்.

அவன் பக்கம் நின்றால் மருந்து கிடையாது. அன்றைக்கு முகாமில் அவன் உங்களைத் தேடிவந்து நன்றி சொல்கிறான். மறுக்கலாம் என்பதே தனக்குப் பழக்கமில்லாத ஒன்று என்று சொல்கிறான். கூடவே இன்னொன்றும் வெளியே வருகிறது: இதுவரை உங்களிடம் காட்டிய நெருக்கம், தன் பாதுகாப்புக்காகப் போட்ட திட்டம், ஆனால் இப்போது உண்மையாகவே ஏதோ உணர்கிறான், அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் அவனை அணைத்துக்கொள்ள ஒரு தேர்வு உண்டு. தேர்ந்தெடுத்தால், ஒரு கணம் மரக்கட்டை மாதிரி நிற்கிறான். அப்புறம்தான் கை எழும்பி உங்களைத் தொடுகிறது.

இத்தனை மணி நேர விளையாட்டில் நான் பார்த்த மிகச் சிறந்த காதல் காட்சி இதுதான் என்பேன். முத்தம்கூட இல்லை. ஆட்டக்காரர் தன் ஆதாயத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார், அதுவும் உண்மையான ஆதாயத்தை. மருந்து என்ற விலையை எழுத்தாளர் வைத்திருக்காவிட்டால் அந்த அணைப்புக்கு இந்தக் கனம் வராது. அஸ்டாரியனுக்குக் குரலும் உடலசைவும் கொடுத்த நீல் நியூபானுக்கு அந்த வருடத்தின் த கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது.

இதே விளையாட்டில் எதிர்மறையான பாடமும் உண்டு. வெளியான புதிதில் துணைப்பாத்திரங்கள் சிலர் வரிசைகட்டி வந்து காதல் சொன்னார்கள். நெருக்கப் புள்ளியின் வாசல் தவறுதலாகத் தாழ்ந்துபோனதுதான் காரணம் என்று தெரிந்து, லாரியன் பின்னர் அதைத் திருத்தியது. எழுத்து மாறவில்லை, நடிப்பு மாறவில்லை. ஒரு எண் இறங்கியதும், அதே வசனங்கள் அசட்டுத்தனமாகத் தோன்றின.

## பெயர் சுட்டாத தலைவன்

ஆட்டக்காரர் ஏன் இதில் தன்னையே பொருத்திக்கொள்கிறார்? இதற்கு விடை தேடத் தமிழருக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. பெயர் சொல்லிவிட்டால் அது ஒருவருடைய கதை. சொல்லாமல் விட்டால் கேட்பவர் எல்லாருக்கும் அதில் இடமுண்டு.

'மாஸ் எஃபெக்ட்' செய்வதும் இதுதான். நாயகர் ஆணா பெண்ணா, முகம் எப்படி, முதற்பெயர் என்ன என்பதெல்லாம் ஆட்டக்காரர் கையில். அதனால் மூன்று பாகம் முழுக்க எல்லாரும் ஷெப்பர்ட் என்ற குடும்பப் பெயரையோ பதவியையோ சொல்லித்தான் அழைப்பார்கள். வெற்றிடம் தலைவனிடம் மட்டும்தான். எதிரில் நிற்பவருக்கு முகம், ஊர், பழைய காயம் எல்லாம் இருக்கும். இரண்டு பக்கமும் வெற்றாக இருந்தால் காதல் நிற்காது.

அகப்பாடலிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அங்கே தலைவனும் தலைவியும் மட்டும் பேசுவதில்லை. தோழி பேசுகிறாள், செவிலி புலம்புகிறாள், வழியில் கண்டவர்கள் பேசுகிறார்கள். ஊர் அலர் தூற்றுகிறது. சுற்றியிருப்பவர்கள் கண்ணில் பட்ட பிறகுதான் அந்தக் காதல் உலகத்தில் நடப்பதாக ஆகிறது. பல விளையாட்டுகள் இதை மறந்துவிடுகின்றன. ஊரே பார்க்கும்படி ஒருவரோடு சுற்றினாலும் பக்கத்து வீட்டுக்காரர் வானிலையைப் பற்றித்தான் பேசுவார். 'பால்டர்ஸ் கேட் 3' முகாமில் உள்ள மற்றவர்கள் உங்கள் உறவைப் பற்றி வாய்திறக்கிறார்கள். கிண்டலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. முகாம், இரவு, எரிந்து தணியும் நெருப்பு: அந்தப் பேச்சுகள் நடக்கும் பொழுதும் இடமும்கூட எழுத்தாளர்கள் தேர்ந்து வைத்தவை. குறிஞ்சிக்கு யாமம் என்று நம்மவர்கள் வகுத்துவைத்ததை நினைத்துக்கொள்ளலாம்.

## கை செய்வதை மனம் நம்புகிறது

இதுவரை சொன்னது எழுத்து. விளையாட்டுக்கு மட்டும் கிடைத்த இன்னொரு கருவி, கை.

2018இல் வந்த 'ஃப்ளோரன்ஸ்', ஒரு மணி நேரம்கூட ஆகாத சின்ன கைத்தொலைபேசி விளையாட்டு. மெல்பர்னில் வாழும் ஃப்ளோரன்ஸ் யியோ என்ற சீன வம்சாவளிப் பெண், செல்லோ வாசிக்கும் கிரிஷ் என்ற இந்திய வம்சாவளி இளைஞன். சிங்கப்பூரில் இப்படி ஒரு சோடியை எந்தக் காப்பிக்கடையிலும் பார்க்கலாம். காதலர்கள் இருவரும் பேசுவது இந்த விளையாட்டில் வசனமாக வருவதில்லை. முதல் சந்திப்பில் ஃப்ளோரன்ஸ் பேச வேண்டுமானால், பேச்சுக் குமிழுக்குள் புதிர்த்துண்டுகளைப் பொருத்த வேண்டும். முதலில் நிறையத் துண்டுகள். தடவித் தடவிப் பொருத்துகிறோம். பேச்சு வளர வளரத் துண்டுகள் குறைகின்றன. கடைசியில் ஒரே துண்டு, எடுத்து வைத்தால் போதும். புதிய ஒருவரோடு பேசும் தயக்கம் எப்படிக் கரைகிறது என்பதை விரல் நுனி தெரிந்துகொள்கிறது.

பிறகு கிரிஷ் அவள் வீட்டுக்குக் குடிவருகிறான். அலமாரியில் இடம் கொஞ்சம்தான். அவனுடைய எந்தப் பொருளை வைப்பது, அவளுடைய எதை எடுத்து உள்ளே போடுவது என்று நாம்தான் முடிவு செய்கிறோம். அப்புறம் சண்டைகள். அதே பேச்சுக் குமிழ், ஆனால் துண்டுகள் கூர்மையாகிவிட்டன. அவன் முடிப்பதற்குள் நாம் முடிக்கவேண்டும் என்று விரல் தானாக அவசரப்படுகிறது. பிரிவின்போது, அன்று ஆசையாக அலமாரியில் வைத்த அதே பொருள்களைப் பெட்டியில் எடுத்துவைக்கவேண்டியிருக்கிறது. யாரும் அழவைக்கும் வசனம் பேசவில்லை. ஆனாலும் தொண்டை அடைக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு 2023இல் வந்த 'வெண்பா'. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. காதல் விளையாட்டு என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. புலம்பெயர்வும் சமையலும்தான் கரு. ஆனால் தொடக்கத்தில் உடம்பு முடியாத வெண்பா, கணவன் பாவலன் வேலைக்குப் போகும்முன் இட்லி அவித்துக்கொடுக்க நிற்கிறாள். அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பில் சில வரிகள் அழிந்துபோயிருக்கின்றன. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். 'உன்னை நேசிக்கிறேன்' என்ற வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை பேர் வாயில் வந்திருக்கிறது? அவித்துக்கொடுத்த இட்லியில் அது வந்திருக்கிறது. இந்த விளையாட்டு அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

## கிடைத்த பிறகு என்ன?

பெரும்பாலான விளையாட்டுகள் தடுமாறும் இடம் இதுதான். துரத்தும்வரை சுவை. கிடைத்துவிட்டால் பாத்திரம் ஊமையாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அதே நாலைந்து வசனம், காலையில் ஒரு காப்பி. 'மாஸ் எஃபெக்ட்' இரண்டாம் பாகத்தில் ஷெப்பர்டின் அறை மேசையில் முதல் பாகக் காதலரின் படம் இருக்கும். புதிதாக ஒருவரோடு நெருங்கினால், அந்தப் படம் கவிழ்த்துவைக்கப்பட்டிருக்கும். யாரும் எதுவும் சொல்வதில்லை. இது மாதிரி சின்ன நினைவுகள் போதும், ஆனால் அவற்றை எழுதிவைக்க யாராவது மெனக்கெட வேண்டும்.

## பணம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும்

மேலே சொன்னவை பெரும்பாலும் ஒருமுறை விலை கொடுத்து வாங்குபவை. கைத்தொலைபேசிக் காதல் விளையாட்டுகள் பல அப்படியில்லை. பதிவிறக்கம் இலவசம், பிறகுதான் செலவு. சிங்கப்பூருக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2024 ஜனவரியில் உலகெங்கும் வெளியான 'லவ் அண்ட் டீப்ஸ்பேஸ்' விளையாட்டை வெளியிடும் இன்ஃபோல்ட் சிங்கப்பூரில் பதிவான நிறுவனம்.

இந்த விளையாட்டுகளை ஏளனமாகப் பேசுவது எளிது, தவறும்கூட. பெண்களின் அன்றாடத்தை இவ்வளவு கவனித்துச் செய்த விளையாட்டுகள் குறைவு. ஆட்டக்காரர் படிக்கும்போது நாயகன் கூடவே உட்கார்ந்திருப்பான், மாதவிடாய்த் தேதியை நினைவூட்டுவான், பெயர் சொல்லி அழைப்பான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தக் கவனிப்பு ஆறுதலாக இருப்பதில் என்ன தப்பு?

சிக்கல் வேறிடத்தில். அவனோடு கழிக்கும் நெருக்கமான நேரங்கள் அட்டைகளுக்குள் இருக்கின்றன. நல்ல அட்டைகள் காச்சாவில் வருகின்றன. இந்த ஏற்பாட்டில் நாயகன் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருக்க முடியுமா? பணம் செலவழித்தவரிடம் அப்படிச் செய்தால் அவர் போய்விடுவார். அதனால் அவன் எப்போதும் காத்திருக்கிறான், எப்போதும் கனிவாக இருக்கிறான். மறுப்பு வர வேண்டிய இடத்தில் அதிர்ஷ்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிடைக்குமா கிடைக்காதா என்ற அந்தப் படபடப்பு இங்கேயும் உண்டு, ஆனால் அது ஒரு மனத்தின் முடிவால் வருவதில்லை. அட்டை குலுக்கலில் வருகிறது. இரண்டு படபடப்பும் உடலுக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கொரிய விளையாட்டான 'மிஸ்டிக் மெசஞ்சர்' (2016) இன்னொரு விதமாகச் செய்தது. நிஜக் கடிகார நேரப்படியே அரட்டை அறைகள் திறக்கும், அதிகாலை மூன்று மணிக்குக்கூட. தவறவிட்டால், விளையாட்டுக்குள் புழங்கும் மணற்கடிகாரத்தைச் செலவழித்து மறுபடி திறக்க வேண்டும். அந்தப் பாத்திரங்களுக்கும் ஒரு நாள், ஓர் இரவு, தூக்கம் வராமை இருக்கிறது என்ற உணர்வு அருமை. அந்தக் கடிகாரத்தைக் காசுக்கும் வாங்கலாம் என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்கலாம்.

## முத்திரை சொல்வதும் சொல்லாததும்

எம்-18 முத்திரை தேவையான ஒன்று. திரையில் என்ன காட்டப்படும் என்பதை அது சொல்கிறது, கடைக்காரர் வயது பார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் இதுவரை பேசிய எதையும் அது சொல்லாது. சொல்வது அதன் வேலையும் இல்லை. வீட்டில் பிள்ளை இப்படியொன்று விளையாடினால், முத்திரையைப் பார்த்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று உண்டு. விசாரணை தொனி வேண்டாம். சுவாரசியமான கதையைக் கேட்பது மாதிரி கேட்டால் பிள்ளைகள் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

1. அந்தப் பாத்திரத்துக்கு உன்னைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது? இதற்கு நீளமான பதில் வந்தால் எழுத்து நன்றாக இருக்கிறது என்று பொருள். அக்கா இருக்கிறாள், பழைய எதிரி இருக்கிறான், ஊரில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்று பிள்ளை அடுக்கிக்கொண்டே போகும்.

2. எப்போதாவது உன்னிடம் வேண்டாம் என்று சொன்னதுண்டா? நீ அப்போது என்ன செய்தாய்? இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். விளையாட்டில் முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்குத் திரும்பிப் போய் வேறு பதிலைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டேன் என்று சொன்னால், அங்கிருந்து ஒரு நல்ல பேச்சு தொடங்கும்.

3. இந்த மாதம் எவ்வளவு வெள்ளி ஆனது, எதற்காக? கதையின் அடுத்த அத்தியாயத்துக்கு என்றால் அது புத்தகம் வாங்குவது போல. ஓர் அட்டை வரும்வரை குலுக்கியதற்கு என்றால், எத்தனை முறை குலுக்கினாய் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.